தேர் எந்தத் தெருவில் வரும்

தவமணி சார் வந்து பதிமூன்று மாதம்.
முதலாளியின் மைத்துனர்.
துபாயில் கிரேன் ஓட்டினாரா
கிரேனே சொந்தமாய் வைத்திருந்தாரா
லோடுமேன்களுக்குள் இன்னும் முடியாத வழக்கு.

வந்த அன்று பார்சல் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார்.
எடைமேடையில் ஏறி நின்று
எண்பத்தாறு என்று சிரித்தார்.
தேனிக் கட்டையும் தென்காசிக் கட்டையும்
ஒரே வண்டியில் போடச் சொன்னார்,
ரெண்டும் மலைப்பக்கம்தானே என்று.

அன்றிலிருந்து என்னிடம் இரண்டு நோட்டு.
அவர் சொன்னதற்கு ஒன்று.
நடக்க வேண்டியதற்கு ஒன்று.
இரண்டாவது
மகளின் எட்டாம் வகுப்பு வரலாறு,
பல்லவர்களோடு நின்றுபோன பக்கங்களுக்குப் பின்னால்
லாரி எண், டிரைவர் பெயர், சுங்கச்சாவடிக் காசு.

சரி சார் என்பேன் எப்போதும்.
அதில் எத்தனை சுருதி உண்டென்று
ஒச்சுவுக்குத்தான் தெரியும்.
இழுத்துச் சொன்னால், ஏற்றாதே.
வெட்டிச் சொன்னால், ஏற்று, திருமங்கலத்தில் இறக்கிவிடு.
பேனாவைக் கடித்தபடி சொன்னால்
எல்லோரும் டீக்குப் போங்கள்,
நான் ஒரு போன் பேச வேண்டும்.

போன சித்திரையில்
கீழமாசி வீதிக் கடைக்கு முந்நூறு மூட்டை சீரகம்.
தேரோட்டத்தன்று காலை ஏழுமணி என்று
தேதி கொடுத்துவிட்டார்.
கையெழுத்து, சீல்,
அடியில் சிவப்பு மையில்
நேரம் தவறாமை நம் அடையாளம்.

சார், அன்றைக்குத் தேர் என்றேன்.
தேர் எந்தத் தெருவில் வரும் என்றார்.

ஒச்சு தூண் பக்கம் திரும்பிக்கொண்டான்.
அவன் முதுகு குலுங்கியது.
வருஷம் முழுக்க அந்தத் தேர்
நிற்பதே கீழமாசி வீதியில்தான்.
கீழமாசி, தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசி
என்று சொல்லிக்கொடுத்தேன்.
சொல்லும்போதே என் குரல்
குழந்தைக்குச் சோறூட்டும் குரலாகிவிட்டது.
அது அவருக்கும் கேட்டிருக்கும்.
பார்த்துக்கலாம் என்றார்.
தேதியை மாற்றவில்லை.

முந்தின ராத்திரி இரண்டு மணி.
யானைக்கல்லில் லாரி, எட்டுத் தள்ளுவண்டி, பதினோரு ஆள்,
தூக்கத்திலிருந்து எழுப்பிய கடைக்காரரின் வசவு.
விடிவதற்குள் முந்நூறும் உள்ளே.
வடம் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருத்தி
என் புடவையை மோந்து
அக்கா, ரசம் வெச்சுட்டா வந்தீங்க என்றாள்.

முதலாளி வந்தார்.
மச்சான் பிளானிங் பிரமாதம் என்றார்.
எங்களுக்கு ஆளுக்கொரு லட்டு.

ஐப்பசியில் ஒருநாள் எனக்கு அலுத்துப்போனது.
கோயம்புத்தூர்க் கல்யாணத்துக்கு மூன்று பெட்டி மல்லிகை.
பெட்டி லேசாத்தானே இருக்கு,
நாளைக்கு வண்டி நிறையட்டும் என்றார்.
சரி சார் என்றேன்.
சுருதியே இல்லாமல்.
ஒச்சு என் முகத்தைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே நின்றான்.
நான் நோட்டை மூடி
ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தேன்.
அவனியாபுரம் வரை ஜன்னலோர சீட்.
இவ்வளவு சுகமா ஒரு வேலையைச் செய்யாமலிருப்பது.

பூ பழுத்தது.
தவமணி சாரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஏற்றாத குற்றத்துக்கு
ஒச்சுவின் சம்பளத்தில் அறுநூறு பிடித்தார்கள்.
நான் நீட்டிய பணத்தை அவன் வாங்கவில்லை.
விடுங்கக்கா என்றான்.
அதற்கப்புறம் ஒரு மாதம்
என் சரி சாரை அவன் நம்பவில்லை,
இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டான்.

நேற்று சார் லீவு.
குடோன் சாவி தேடி அவர் மேஜையைத் திறந்தேன்.
முதல் டிராயரில் தலைவலித் தைலம், துபாய் பேரீச்சை.
இரண்டாவதில் ஒரு பாக்கெட் டைரி.
எழுத்து அவருடையது,
இம்போசிஷன் போல, வரிக்கு வரி.

தேனி மேற்கே. தென்காசி தெற்கே.
பூ அன்றைக்கே.
கீழமாசி தெற்குமாசி மேலமாசி வடகுமாசி
கீழமாசி தெற்குமாசி மேலமாசி வடகுமாசி

நான்கு பக்கம்.
நான்கிலும் வடக்குக்கு ஒரு க் குறைகிறது.

பேனா என் கொண்டையில் இருந்தது.
எடுத்தேன்.
பிறகு கொண்டையிலேயே செருகிக்கொண்டேன்.

சாவி மூன்றாவது டிராயரில் கிடந்தது.
வருகிற வாரம் கொடியேற்றம்.